தேன் வேண்டுமா, காய் வேண்டுமா? பெட்டி வைக்கும் முன்னே முடிவு பண்ணுங்க

எங்கள் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், அருமனை பக்கம் தேனீப் பெட்டி பார்க்காத ஆள் கிடையாது. ஆனாலும் "பெட்டி வெச்சும் பூசணிப் பிஞ்சு உதிருதே" என்று புலம்புகிறவர்களும் இங்கே உண்டு, நானும் ஒரு வருஷம் புலம்பினேன். ரப்பர் ஓரமாக ஒரு பெட்டி வைத்தேன். தேன் வந்தது, காய் வரவில்லை.

விஷயம் என்னவென்றால், நம் ஊர் ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. ரப்பர் இலை கொட்டி பிப்ரவரி, மார்ச் வாக்கில் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலையும் காம்போடு சேருகிற இடத்துச் சுரப்பியில் மது என்கிற இனிப்பு நீர் கசியும், தேனீ அதைத்தான் உறிஞ்சிக்கொண்டு வருகிறது. அங்கே மகரந்தமும் இல்லை, மகரந்தச் சேர்க்கையும் இல்லை. பக்கத்திலேயே இவ்வளவு மது கிடைக்கும்போது உங்கள் நாலு பூசணிக் கொடியை அது ஏன் தேடி வரப்போகிறது?

அதனால் பெட்டி வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். காலை ஏழு மணிக்குள் விளைக்கு (தோட்டத்துக்கு) போய், பூசணியின் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, அடியில் குட்டிக் காய் இருக்கிற பெண் பூவின் நடுவில் நன்றாகத் தடவி, காம்பில் ஒரு நூல் கட்டுங்கள். ஐந்து பூவுக்கு இப்படிச் செய்து, ஐந்தைச் சும்மா விடுங்கள். நூல் கட்டியது பிடித்து மற்றது மஞ்சளாகி விழுந்தால் குறை தேனீயில். இரண்டும் விழுந்தால் உரம், தண்ணீர், பழ ஈ என்று வேறு பக்கம் பாருங்கள். காய் பிடித்தும் ஒரு பக்கம் மட்டும் வீங்கிக் கோணலாக வந்தால் மகரந்தம் போதவில்லை என்று அர்த்தம்.

எல்லாப் பயிருக்கும் தேனீ வேண்டும் என்பதும் இல்லை. மட்டி, செந்துளுவன் மாதிரி வாழை எல்லாம் மகரந்தம் சேராமலே பழுக்கும். நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடித்துவிடும். சுரை, புடலை சாயங்காலம் பூப்பவை, அங்கே வேலை பெரும்பாலும் அந்துப்பூச்சிக்கு. தென்னைக்குத் தேனீ நன்றாக உதவும், ஏனென்றால் நெட்டை மரத்தில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் கொட்டி முடிந்த பிறகுதான் அதே பாளையின் பெண் பூ தயாராகும், வேறு பாளையிலிருந்து மகரந்தம் வந்தாக வேண்டும். கத்தரி, தக்காளி கதை தனி. அவற்றின் மகரந்தப்பை நுனியில் சின்ன ஓட்டை மட்டும்தான் இருக்கும், பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால் தூள் நன்றாகக் கொட்டும். நம் பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைக்கிறதே, அந்தக் கருவண்டுக்குத் தெரியும். அதனால் விளை மூலையில் ஒரு பட்ட மரக்கிளையோ காய்ந்த மூங்கிலோ கிடந்தால் அடுப்புக்கு எடுக்காமல் விட்டுவையுங்கள்.

சரி, பெட்டிதான் வேண்டும் என்று முடிவானால், பூ வருவதற்கு முன்பே கொண்டுவந்து வைக்காதீர்கள். நல்ல இடம் கண்ட தேனீ தேனடை மேல் ஆடிக்காட்டி, திசையும் தூரமும் மற்றதுக்குச் சொல்லிவிடும் (இதைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃப்ரிஷ் 1973ல் நோபல் பரிசு பெற்றார்). உங்கள் விளையில் பூவே இல்லாதபோது வந்தால் அது வேறு தோட்டத்தைப் பழகிக்கொள்ளும், அப்புறம் திருப்புவது கஷ்டம். பத்தில் ஒரு பங்கு பூ விரிந்ததும், ராத்திரி வாசலை அடைத்துக் கொண்டுவாருங்கள். தேனீக் குஞ்சுப் புழு நிறைய உள்ள கூடாகப் பார்த்து எடுங்கள், புழுவுக்கு ஊட்ட மகரந்தம் தேவை என்பதால் அந்தக் கூடுதான் அதிகமாக மகரந்தம் சுமக்கும். வைத்த பிறகு இங்கே ஒரு நாள் அங்கே ஒரு நாள் என்று மாற்றாதீர்கள், வெளியே போனது பழைய இடத்துக்கே திரும்பி வந்து சுற்றும்.

பெட்டி நிழலில் இருக்கட்டும். எறும்பு ஏறாமல் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூனிலிருந்து மழை பிடித்தால் தேனீ வெளியே போகாது, அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து கொடுக்காவிட்டால் கூட்டைக் காலிசெய்துகொண்டு போய்விடும். மருந்து அடித்தே ஆக வேண்டுமானால் தேனீ கூடு அடைந்த பிறகு அந்தியில் அடியுங்கள், பக்கத்து விளைக்காரரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், கொட்டாத சிறுதேனீயே போதும். பழைய சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் மாதிரி வாசல் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான். அடுத்த முறை சுவர் பூசும்போது அந்த ஓட்டையை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கொத்தனாரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.