கடைசி நாளில் வந்த வேலை

எங்கள் மென்பொருள் டீமில் ஆவணம் எழுதும் வேலை ரிலீஸுக்கு முந்தின நாள்தான் என் கைக்கு வரும். கேட்டால், "இருக்கிறதை எழுதிடுங்க" என்பார்கள். மனசு கஷ்டப்படும். அப்புறம் ஒரு முடிவெடுத்தேன்: ஓடவிட்டுப் பார்க்காத எதையும் எழுதுவதில்லை. ஏபிஐ, அதாவது மற்ற நிரல்கள் எங்கள் சர்வரோடு பேசும் வழி; அதன் அழைப்பு ஒவ்வொன்றையும் கர்ல் என்ற கட்டளைக் கருவியில் நானே அனுப்பினேன். அளவுக்கு மீறி அழைத்தால், 'கோரிக்கைகள் அதிகம்' என்று சொல்லும் 429 என்ற பதில் எண் வரவேண்டும். எத்தனை நொடி காத்திருப்பது என்று பதிலோடு வரும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடர் சொன்னால் இன்னும் நல்லது. வந்ததோ 500, அதாவது சர்வருக்குள்ளேயே பிழை என்ற எண். வாடிக்கையாளர் சர்வரே படுத்துவிட்டது என்றுதான் நினைப்பார். கட்டளையையும் பதிலையும் அப்படியே ஒட்டி பிழைகளைப் பதிந்து வைக்கும் ஜிராவில் பக் போட்டேன். அன்று மாலையே டெவலப்பர் என் மேசைக்கு வந்து, "அக்கா, இந்தப் பிழைச் செய்தியை எப்படி எழுதலாம்?" என்று கேட்டார். அடுத்த ஸ்பிரிண்டிலிருந்து, அதாவது அடுத்த வேலைச் சுற்றிலிருந்து, டிசைன் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுகிறார்கள். ஆவணம் முடியாமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை என்ற விதியை அங்கேதான் கேட்டு வாங்கினேன்.