வாழைநாரில் ஒரு டீத்தட்டு: முதல்முறை செய்பவர்களுக்கு

கடலூர் பக்கம் தார் வெட்டியதும் வாழைமரத்தைச் சாய்த்து வரப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்த மட்டையில் இருக்கும் நார் நல்ல உறுதியானது. தாவர எண்ணெய் சார்ந்த பிசினோடு சேர்த்தால், டீ டம்ளர் வைக்க அருமையான தட்டு கிடைக்கும்.

தேவை: வாழைமட்டை, பயோ எபாக்சி பிசின் (மேலே சொன்ன தாவர எண்ணெய் சார்ந்த பிசின்), அதற்கான ஹார்ட்னர் (பிசினோடு கலந்து அதை இறுகவைப்பது), கிராம் காட்டும் தராசு, ரப்பர் கையுறை, மெழுகு பாலிஷ், ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் (விட்டம் 25 செ.மீ. போல).

பிசின் வாங்கும்போது தாவரப் பங்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பெரும்பாலானவை முழுக்கத் தாவரம் அல்ல. பண்ருட்டி முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனாலில்கூட ஹார்ட்னர் செய்கிறார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆனால் பச்சை ஓட்டு எண்ணெயை நேரடியாகத் தொடவே கூடாது, தோல் வெந்து கொப்புளித்துவிடும்.

1. மட்டையை உரித்து இரண்டு விரல் அகலத்துக்குக் கிழியுங்கள். பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் சதையை வழித்தால் நார் மிஞ்சும். பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள், வாழைக்கறை போகாது. நாரை நன்றாக அலசுங்கள்.

2. காயவைப்பது. இந்த வேலையின் உயிரே இதுதான். நார் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் கடல்காற்று வேறு. ஈரநாரில் பிசின் ஒட்டாது, உள்ளே குமிழி தங்கும், தட்டு சீக்கிரம் பிளந்துவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள். பங்குனி, சித்திரை வெயில்தான் சரி. உச்சிவெயிலில் தகரத்தின் மேல் பரப்புங்கள். எடை பாருங்கள், அரைமணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எடை குறைந்துகொண்டே இருந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். எடை நின்றதும் சூட்டோடு மூடிபோட்ட டப்பாவில் அடைத்துவிடுங்கள். வெளியே விட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி ஈரம் ஏறிவிடும்.

3. பிசின் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, ஒரு எவர்சில்வர் தட்டின் உட்பக்கமும் இன்னொன்றின் அடிப்பக்கமும் மெழுகு தடவித் துடையுங்கள், மூன்று முறை. விளிம்பை விட்டுவிடாதீர்கள்.

4. 40 கிராம் நாருக்கு 80 கிராம் பிசின் கலவை போதும். ஹார்ட்னர் அளவு டப்பாவில் போட்டிருப்பதுதான், கண்ணளவு வேண்டாம். மொத்தமாகக் கலக்காமல் பாதிப்பாதியாகக் கலக்குங்கள், அதிகம் கலந்தால் கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

5. உட்பக்கம் மெழுகு தடவிய தட்டில் நாரை நான்கு அடுக்காகப் பரப்புங்கள். ஒன்று நெடுக்கே என்றால் அடுத்தது குறுக்கே. நாருக்கு அதன் நீளவாக்கில் மட்டும்தான் பலம். ஒவ்வொரு அடுக்கிலும் பிசினைத் தடவி, காற்று வெளியேறும்படி தூரிகையால் குத்துங்கள்.

6. மேல்தட்டை வைத்து அழுத்தி, செங்கல் ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள். அப்புறம் எடுத்து, ஓரத்தை ஆக்சா பிளேடால் அறுத்து, தூசு பறக்காமலிருக்க நீர் தொட்டு உப்புத்தாளால் தேயுங்கள்.

மிச்சப் பிசினைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கிண்ணத்திலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள். நார் இருக்கிறது என்பதற்காக இந்தத் தட்டு எருக்குழியில் மக்கிவிடாது, இறுகிய எபாக்சி மக்காது. பல வருஷம் உழைக்கும் பொருளுக்குத்தான் இந்த முறை. ஒருநாள் விருந்துக்கு வாழை இலையே போதும்.

ஒரு வாரம் கழித்துப் புழங்கலாம். டம்ளர் வையுங்கள், சோறு போட்டுச் சாப்பிட வேண்டாம், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன்மேல் வைக்கவும் வேண்டாம்.