மலைச்சரிவில் தோட்டம்: மதிப்பீடுகளை ஒப்பிடும் முறை

குன்னூர், கோத்தகிரி போன்ற சரிவு நிலங்களில் தோட்டம் அமைக்க மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் மதிப்பீடு வாங்குபவர்கள், கடைசி வரியிலுள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வேலைகளையும் அளவுகளையும் நீங்களே எழுதி, மூவருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். இல்லையேல் ஒப்பிடுவதில் பொருளில்லை.

மலையில் பணம் பெரும்பாலும் செடிகளுக்குப் போவதில்லை, தடுப்புச் சுவருக்கும் வடிகாலுக்குமே போகிறது. ஆகவே 'தடுப்புச் சுவர், மொத்தமாக' என்ற வரியை ஏற்காமல், நீளம், உயரம், அடித்தள ஆழம், கருங்கல்லா கான்கிரீட்டா, நீர் வடியும் துளைகள் எத்தனை அடிக்கு ஒன்று, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்புவது இதில் அடங்குமா என்பனவற்றைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எங்கள் வீட்டில் குறைந்த தொகைக்குக் கட்டிய 5 அடிச் சுவரில் துளைகளே இல்லை. ஐப்பசி மழையில் பின்மண் ஊறி, சுவர் நடுவில் வயிறு தள்ளி, இரண்டு கற்களுக்கிடையே விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. பிரித்துக் கட்டியபோது மிச்சப்படுத்தியதைவிட அதிகம் செலவானது.

பொக்லைன் இறக்குவதற்கான அனுமதியை யார் பெறுவது, வெட்டிய மண் எங்கே போகும், லாரி வராத இடத்தில் சுமைக்கூலி யாருடையது என்பதையும் கேளுங்கள். செடிகளுக்கு உயரமும் எண்ணிக்கையும் போதும். ஊட்டியில் என்றால், உறைபனியில் கருகியவற்றை மாற்றித் தருவார்களா என்பதையும் சேருங்கள். ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று பார்த்து, தொகையில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கடந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.