கைப்பக்குவம் ஜிக்கில் இறங்கினால்தான் வேன் எண்ணிக்கை ஏறும்: குடும்பப் பட்டறைக்கு ஒரு கேம்பர் வேன் வழிகாட்டி

ஆண்டுக்கு ஆறு கேம்பர் வேன் (உள்ளே கட்டில், அலமாரி, சமையல் வசதி கட்டி, தங்கிப் பயணிக்கும் வேன்) செய்துகொண்டிருக்கும் குடும்பம் முப்பதுக்குப் போக நினைத்தால், பெரிய கொட்டகையைப் பிடித்து நாலு பேரை வேலைக்குச் சேர்ப்பதுதான் முதலில் தோன்றும். அது இரண்டாவது வேலை. அப்பாவின் கையிலும் கண்ணிலும் இருப்பதை வரைபடத்திலும் ஜிக்கிலும் (ஒவ்வொரு முறையும் அளக்காமல் ஒரே இடத்தில் வெட்டவும் துளைக்கவும் பொருத்தவும் வைக்கும் வழிகாட்டிச் சட்டம்) இறக்கி வைப்பதுதான் முதல் வேலை. ஆறு வேன் வரை கைப்பக்குவம் சொத்து. அதற்குமேல் அதுவே முட்டுக்கட்டை. அலமாரியை உள்ளே வைத்துப் பார்த்து, இழைத்து, மறுபடி வைத்துப் பார்க்கும் முறை நீடிக்கும்வரை, எத்தனை பேர் சேர்ந்தாலும் அந்த ஒருவருக்காகத்தான் காத்து நிற்பார்கள்.

முதலில் குறையுங்கள்

ஒரே அடிப்படை வேன், ஒரே நீளம், இரண்டு உள்ளமைப்பு. இதற்குமேல் வேண்டாம். வேன் மாறினால் பக்கச் சுவரின் வளைவு மாறும், விலா எலும்புகள் போல உள்ளே ஓடும் தாங்கிகளின் இடம் மாறும், ஜன்னல் வெட்டும் மாதிரிப் பலகை மாறும். செய்து வைத்த ஜிக்கெல்லாம் சுவரில் தொங்கும்.

வாடிக்கையாளர் கேட்கும் கூடுதல் வசதிகளுக்கு அச்சடித்த பட்டியல் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று எண்கள்: எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், என்ன விலை. கிலோ தெரியாத எதையும் விற்காதீர்கள். பட்டியலில் இல்லாததைச் செய்து தருகிறோம் என்று வாக்குக் கொடுப்பவர் பெரும்பாலும் விற்பனையில் உட்கார்ந்திருக்கும் வீட்டு ஆள்தான். அந்த வாயைக் கட்டுவது ஒரு மெஷின் வாங்குவதற்குச் சமம்.

தரையிலிருந்து தொடங்கும் ஜிக்

ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு வேன்களின் உட்சுவர்கள் சில மில்லிமீட்டர் முன்பின்னாகத்தான் இருக்கும். சுவரிலிருந்து அளவெடுத்தால் ஒவ்வொரு வேனும் புது வேன்தான். அளவுக்கு அடிப்படை தரையின் நடுக்கோடு. தரைப்பலகையை சி.என்.சி.யில் (கணினி வரைபடத்தைப் பார்த்துத் தானே வெட்டும் மெஷின்) வெட்டும்போதே அலமாரிக் கால், கட்டில் சட்டம், டேங்க் பட்டை எல்லாவற்றுக்கும் துளை போட்டுவிடுங்கள். பலகையை வேனுக்குள் நடுக்கோட்டில் பொருத்திவிட்டால் மற்றதெல்லாம் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். டேப் எடுக்கவே தேவை இருக்காது.

அலமாரி சுவரைத் தொடக்கூடாது. 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, வளையும் ரப்பர் பட்டையால் மூடுங்கள். தொட்டால் ஓடும்போது கிறீச்சிடும். அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு ஆளின் ஒரு நாள் போய்விடும். தரையில் துளை போடும் பிட்டில் ஸ்டாப் காலர் (குறித்த ஆழத்துக்குமேல் இறங்க விடாத வளையம்) கட்டாயம். கீழே டீசல் டேங்கும் பிரேக் குழாயும் இருக்கின்றன.

சி.என்.சி. எப்போது வாங்குவது? வரைபடத்தில் ஒரு திருத்தம்கூட இல்லாமல் தொடர்ந்து மூன்று வேன் வெளியே போன பிறகு. அதுவரை வெளியே கொடுத்து வெட்டி வாங்குங்கள். தவறான வரைபடத்தை வேகமாக வெட்டித் தருவதற்கு ஒரு மெஷின் தேவையில்லை. கோப்புக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று பெயர் வைக்காமல் திருத்த எண் கொடுங்கள். அதே எண் ஒவ்வொரு பலகையின் மறைவான விளிம்பிலும் பொறிக்கப்பட வேண்டும்.

எடை: கண்ணுக்குத் தெரியாத எதிரி

பல நாடுகளில் சாதாரணக் கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய உச்ச எடை 3,500 கிலோ. கணக்கைப் பாருங்கள். ஓட்டுநருக்கு 75 கிலோ, 90 சதவீதம் எரிபொருள் சேர்த்து வெறும் வேன் 2,050 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உள்ளே கட்டியது 750. மீதி 700. இன்னும் மூன்று பேர் ஏறினால் 225 போகும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. வேனின் பக்கத்தில் விரிக்கும் வெளிக்கூரை, சைக்கிள் தாங்கி, இரண்டாவது பேட்டரி என்று பட்டியலிலிருந்து எடுத்தவை 150. எஞ்சுவது 225. அதற்குள்தான் நாலு பேரின் துணிமணி, பாத்திரம், சாப்பாடு, கேஸ் சிலிண்டர் எல்லாம்.

எங்கே குறைப்பது? பலகையில். 15 மி.மீ. பிர்ச் ப்ளைவுட் சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. அதே கனத்தில் பாப்லர் ப்ளைவுட் 7 கிலோவுக்குள் நிற்கும். 2.5 மீட்டருக்கு 1.22 மீட்டர் பலகை ஒன்றில் 10 கிலோ மிச்சம். 12 பலகை போகும் வேனில் 120 கிலோ, அதாவது நிரம்பிய தண்ணீர் டேங்கைவிட அதிகம். பாப்லரில் திருகு பிடிமானம் குறைவு என்பதால் கீல் வரும் இடத்தில் மட்டும் பிர்ச் துண்டு பதியுங்கள். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 30 கிலோவை நெருங்கும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ அளவில் முடிந்துவிடும்.

மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு (பின் சக்கரங்களை இணைக்கும் தண்டு) தன் எடை வரம்பை மீறலாம். இரு அச்சுக்கும் நடுவே 4 மீட்டர் உள்ள வேனில், பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் 125 கிலோ ஏறும், முன்னால் 25 கிலோ குறையும். முன்சக்கரம் இழுக்கும் வேனாக இருந்தால் ஈரப் புல்லில் சக்கரம் சும்மா சுற்றும். தண்ணீர் டேங்கும் பேட்டரியும் இரு அச்சுகளுக்கு நடுவேதான் இருக்க வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு வேனையும் முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியே எடைபோட்டு எழுதி வையுங்கள்.

வேனின் உடலை வெட்டும் இடம்

ஜன்னலுக்கோ கூரைக் காற்றுவழிக்கோ தகட்டை வெட்டும்போது பறக்கும் இரும்புத்தூள்தான் பின்னாளில் வரும் பல புகார்களுக்குக் காரணம். பெயிண்டில் ஒட்டிய தூள் ஒரு மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளிகளாகப் பூக்கும். கதவின் கீழ்த்தடத்தில் விழுந்தது உள்ளிருந்தே அரிக்கும். வெட்டுக்கோட்டைச் சுற்றி அகலமாக டேப்பும் காகிதமும் ஒட்டி, உள்ளே பை ஒன்றைக் கட்டித் தூளைப் பிடியுங்கள். முடிந்ததும் ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள். ஊதினால் தூள் தாங்கிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துத்தநாக ப்ரைமர் இரண்டு கை அடித்து, அது காய்ந்த பிறகுதான் சட்டத்தைப் பொருத்த வேண்டும்.

பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். குளிரிலும் வறட்சியிலும் நேரம் இழுக்கும். முப்பதாவது வேனில் கண்ணாடி கசிந்தால் காரணம் பெரும்பாலும் அவசரம்: விளிம்பைத் துடைத்த திரவத்தின் ஈரம் ஆவியாகுமுன் பசை போட்டிருப்பார்கள், அல்லது இறுக்கி அழுத்தி 3 மி.மீ. இருக்க வேண்டிய பசையைக் காகிதக் கனத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். மெல்லிய பசை அசைவைத் தாங்காமல் கிழியும். சட்டத்துக்குக் கீழே 3 மி.மீ. ரப்பர் துண்டுகளை வைத்துவிட்டால் யார் அழுத்தினாலும் அதற்குக் கீழே போகாது.

வயரிங் பலகை

வேனுக்குள் குனிந்து வயர் இழுப்பது எண்ணிக்கையைக் கூட்ட விடாது. சுவரில் ஒரு முழுப் பலகையில் வேனின் தளப்படத்தை முழு அளவில் வரைந்து, ஆணி அடித்து, அதன்மேல் வயர்க்கட்டை வெளியிலேயே கட்டுங்கள். எண் ஒட்டி, சோதித்து, சுருட்டி உள்ளே கொடுத்தால் போதும்.

அளவில்தான் தப்பு நடக்கும். குளிர்பெட்டி 5 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தூரம். போக வர 12 மீட்டர். 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் 0.7 வோல்ட் வழியிலேயே கரையும். கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் மின்னோட்டம் எகிறுவதால் சரிவு இன்னும் கூடும், பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.5 காட்டும். வாடிக்கையாளர் பெட்டியை மாற்றச் சொல்வார். 4 சதுர மி.மீ. போட்டிருந்தால் இழப்பு 0.26 வோல்ட்தான். ஃப்யூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வயர் உரசிக் குறுக்கே பட்டால் எரிவது ஃப்யூஸுக்கு முந்தைய நீளம்தான்.

லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு (எஞ்சின் சுற்றி மின்சாரம் எடுக்கும் கருவி) நேரடியாக இணைக்காதீர்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே முழு மின்னோட்டத்தை இழுத்து அதைச் சூடாக்கிவிடும். நடுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தித் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம் என்பதால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறந்த துளை வேண்டும். வீட்டுப் பக்கம் அந்தப் பெட்டி காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும்.

நிலையங்கள்

தகடு வெட்டுதலும் வெப்பக் காப்பும், வயரிங், மரவேலை, சோதனை என நான்கு நிலையம். ஒவ்வொன்றுக்கும் 5 வேலைநாள் என்றால் வாரம் ஒரு வேன். வயரிங்குக்கு 8 நாள் ஆனால் மரவேலைக்கு இரண்டு ஆள் கூட்டினாலும் 8 நாளுக்கு ஒன்றுதான் வெளியே வரும், மற்றவை முற்றத்தில் நிற்கும். ஆளை வயரிங்கில் சேருங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தள்ளுவண்டி, அதில் அந்த வேனுக்கான சாமான் மட்டும். ஒரு கீல் குறைந்தாலும் வேனை உள்ளே விடாதீர்கள். பாதி வேலையில் நிற்கும் வேன் இடத்தையும் பணத்தையும் ஒருசேர அடைக்கும்.

பணமும் உறவும்

வாரம் ஒரு வேன் வெளியேறி, ஒவ்வொன்றும் வாங்கிய நாளிலிருந்து ஆறு வாரம் உங்களிடம் இருந்தால், எந்த நேரமும் ஆறு வேனின் விலை உள்ளே முடங்கியிருக்கும். பட்டறைகள் விழுவது ஆர்டர் இல்லாமல் அல்ல, இந்த ஆறை எண்ணாமல்தான். இன்றைய வாடிக்கையாளரின் அட்வான்ஸில் நேற்றைய வாடிக்கையாளரின் வேனை முடிப்பது அதன் தொடக்கம். அட்வான்ஸுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அந்த வேனுக்கான சாமான் வாங்கும்போது மட்டும் எடுங்கள்.

வீட்டு ஆட்களுக்கும் சம்பளம் எழுதிப் போடுங்கள். சம்பளம் இல்லாத அம்மாவின் கணக்கு வேலையும் மருமகளின் தொலைபேசி வேலையும் விலையில் சேராது. அந்த வேலைக்கு வெளியாள் வந்த மாதம்தான் லாபம் என்று நினைத்தது எதுவென்று தெரியும். யார் எதற்குக் கடைசி வார்த்தை சொல்வது என்று எழுதி ஒட்டுங்கள்: வடிவமைப்பு ஒருவர், கொள்முதல் ஒருவர், தரம் ஒருவர். தரம் பார்ப்பவர் உற்பத்தி பார்ப்பவராக இருக்கக்கூடாது. தன் அண்ணன் செய்த வேனைத் திருப்பி அனுப்பும் துணிவு இல்லையென்றால் அந்த நாற்காலிக்கு வெளியாள்தான் சரி.

வெளியே விடுமுன்

ஐரோப்பாவில் விற்பதானால் ஐரோப்பியத் தர விதிகளில் (இ.என்.) இ.என். 1646 குடியிருப்புப் பகுதிக்கும், இ.என். 1949 எல்.பி.ஜி. அமைப்புக்கும் உரியவை. சீட் பெல்ட் பிடிப்பிடத்துக்கு ஐ.நா. விதி 14. பின்னிருக்கையை நீங்களே பற்றவைத்துச் செய்யாதீர்கள். சோதித்துச் சான்று பெற்ற சட்டத்தை வாங்கி, சான்றில் உள்ள இடத்தில், சான்றில் உள்ள போல்ட்டில் மாட்டுங்கள்.

ஒவ்வொரு வேனுக்கும் ஒரு கோப்பு: அச்சு எடைகள், கேஸ் அழுத்தச் சோதனை, தண்ணீர் பீய்ச்சிப் பார்த்த தேதி, பேட்டரி எண், வரைபடத் திருத்த எண், பசைக் குழாயின் தொகுதி எண். ஒரு தொகுதிப் பசை பழுது என்று தெரியவரும் நாளில், இந்தக் கோப்பு இருந்தால் நாலு பேருக்கு போன் போட்டால் முடிந்தது. இல்லையென்றால் அந்த ஆண்டு விற்ற முப்பது வேனின் ஜன்னல்களையும் கழற்ற வேண்டும்.