புகை தெரியாவிட்டால் நிலக்கரி சுத்தமாகிவிடுமா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

"முன்னே மாதிரி கரும்புகை வருவதில்லை, இப்போது எல்லாம் சுத்தமான நிலக்கரிதான்" என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பருவநிலை மாற்றம் பற்றிய பேச்சில் அதிகம் குழப்புவது இந்தத் தவறுதான்.

புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் சாம்பல் துகள். அதைப் பிடிக்க அனல் மின்நிலையத்தில் கருவி உண்டு. கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். அதன் அளவுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. இரண்டு கருவிகளும் அவசியம் தேவை, பக்கத்து ஊர்க்காரர்களின் நுரையீரலுக்காக. ஆனால் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு இவற்றில் சிக்காது. சொல்லப்போனால், கந்தகத்தைப் பிடிக்கத் தெளிக்கும் சுண்ணாம்புக்கல் கரைசலிலிருந்தே கொஞ்சம் கரியமில வாயு கூடுதலாக வரும்.

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எரித்த நிலக்கரியே ஒரு கிலோ இருக்காதே என்று கேட்கலாம். நிலக்கரியில் உள்ள 12 கிராம் கார்பன் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் வாயுவாகிறது. எடை கூடுவது அப்படித்தான்.

சரி, புதுத் தொழில்நுட்ப நிலையங்கள்? பழைய நிலையம் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். புதியது 40 சதவீதம் வரை ஆக்கும். பழையதை மூடிவிட்டு அந்த இடத்தில் புதியதைக் கட்டினால் வாயு குறையும். பழையதும் ஓட, புதியதும் ஓடினால் கூடத்தான் செய்யும்.

அடுத்து, மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்கொள்வது. மெகாவாட் என்பது ஒரு நிலையம் அதிகபட்சம் தரக்கூடிய திறன், யூனிட் என்பது அது உண்மையில் தரும் மின்சாரம். 100 மெகாவாட் சூரிய மின்சக்தியை நிறுவியதும் 100 மெகாவாட் நிலக்கரிக்கு ஈடு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். சராசரியாகத் தன் முழுத் திறனில் 70 சதவீதம் ஓடும் 100 மெகாவாட் அனல் நிலையம் ஒரு நாளில் 16.8 லட்சம் யூனிட் தரும். இரவில் ஓடாத சூரிய மின்நிலையம், அதே கணக்கில் 20 சதவீதம் என்று வைத்தால், 4.8 லட்சம்தான் தரும். நிறுவுதிறனை மட்டும் காட்டும் செய்திகளை நம்பி நிம்மதியடைந்துவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எல்லாவற்றையும் நாளைக்கே மூடு என்பது. முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றும், அப்புறம் தணிந்துவிடும். மாலை ஏழு மணிக்குச் சூரியன் இல்லை, வீடுகளில் எல்லாமே ஓடுகிறது. அந்த இடைவெளியை இன்று நிரப்புவதில் நிலக்கரிக்குப் பெரும் பங்கு இருக்கிறது. அந்த வேலையை, மின்சாரத்தைச் சேமித்துவைத்துத் தரும் நிலையங்களுக்கு மாற்ற வேண்டும். தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தேவையானபோது இறக்கும் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் தரக்கூடியது. இதைப்போல இன்னும் பல வேண்டும், பேட்டரிகளும் வேண்டும். அதுவரை அனல் நிலையங்கள் பகலில் தணிந்து மாலையில் ஏறி ஓடப் பழக வேண்டும்.

பிரிட்டனை அப்படியே உதாரணம் காட்டுவதும் சரியல்ல. 1882இல் நிலக்கரி மின்சாரத்தைத் தொடங்கிய அந்த நாடு 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையத்தை மூடியது. அவர்களுக்குக் கடல் காற்றாலைகளோடு எரிவாயுவும் கைகொடுத்தது. நம்மிடம் அவ்வளவு எரிவாயு இல்லை.

நெய்வேலியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விட்டுவிடுகிறோம். ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரி யூனிட்டுக்கு இன்னும் அதிக வாயுவை விடும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுரங்கத்தையும் மின்நிலையத்தையும் நம்பித்தான் ஒரு நகரமே எழுந்தது. எந்த ஆண்டில் மூடுவது என்று கேட்கும்போதே, அங்குள்ள ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த வேலை எது என்றும் கேட்க வேண்டும்.