குவாரி என்றால் கல் வெட்டும் இடம் மட்டுமன்று

ஆங்கிலக் கதையொன்றில் வேட்டை நாய்கள் குவாரியைத் துரத்தின என்று படித்தால், கல்குவாரியை மட்டுமே அறிந்த நமக்குத் திகைப்பு ஏற்படுவது இயல்பே. அங்கே அச்சொல் துரத்தப்படும் விலங்கைக் குறிக்கிறது.

ஒரே எழுத்துகளும் ஒரே உச்சரிப்பும் கொண்டிருந்தாலும், இவை வெவ்வேறு வேர்களிலிருந்து வந்த இரு சொற்கள். கல் வெட்டும் இடத்தைக் குறிப்பது, சதுரம் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழியாக, கற்களைச் சதுரமாக வெட்டும் தொழிலிலிருந்து பிறந்தது. விலங்கைக் குறிப்பதோ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. கொல்லப்பட்ட விலங்கின் உள்ளுறுப்புகளை அதன் தோலின்மீது வைத்து வேட்டை நாய்களுக்குப் பங்காக அளிப்பார்கள், அந்தப் பங்கின் பெயரே பின்னாளில் விலங்குக்கும் ஆயிற்று.

இரை என்று பொருள்படும் ப்ரே (prey) என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புலிக்கு மான் உணவாவதால் அது ப்ரே. துரத்தல் நடக்கும்போது, துரத்துபவர் பார்வையில், ஓடுவது குவாரி. ஆகவே காவலர்கள் தேடும் குற்றவாளியையும், செய்தியாளர்கள் பின்தொடரும் பிரபலத்தையும் குவாரி என்று எழுதுவது முற்றிலும் பொருத்தமானது. "காவலர்கள் சந்துமுனையில் தங்கள் குவாரியைத் தவறவிட்டனர்" என்னும் தொடரை மொழிபெயர்க்கும்போது, இரை என்பதைவிடத் தேடப்பட்டவர் என்பதே சரியாக அமையும்.

வினைச்சொல்லாக வந்தால், இன்றைய வழக்கில் அது கல் வெட்டுவதையே குறிக்கும்.