கை நுழையாத இடத்தில் ஃப்ளஷ் டேங்க்

எங்கள் கழிவறையில் டேங்குக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே உள்ளங்கைதான் நுழையும். கோப்பைக்குள் தண்ணீர் ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. எதையும் கழற்றும் முன் டேங்கில் கொஞ்சம் உணவுச் சாயம் கலந்துவிட்டேன். அரை மணி நேரத்தில், யாரும் ஃப்ளஷ் செய்யாமலேயே, கோப்பையில் நிறம் இறங்கியது. ஆக, கோளாறு டேங்கின் அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் ஃப்ளஷ் வால்வின் வாஷரில்.

டேங்குக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் சுவர்க் குழாயை (ஆங்கிள் காக்) மூடி, டேங்கைக் காலி செய்தேன். நல்லவேளை, எங்களுடையதில் ஃப்ளஷ் வால்வைக் கால் சுற்று திருப்பினால் மேலே வந்துவிடும்; டேங்கை இறக்க வேண்டியதில்லை. வாஷரின் விளிம்பு நெளிந்து, உப்புப் படிந்திருந்தது. அதைச் சுரண்டிப் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும். அது உட்காரும் இடத்தை மட்டும் வினிகர் நனைத்த துணியால் துடைத்தேன்.

தண்ணீர் வரும் குழாயின் நட்டும் சொட்டியது. அங்கேதான் ரோதனை, ஸ்பானர் திரும்ப இடமே இல்லை! நீளத் தண்டும் நுனியில் மடங்கும் தாடையும் கொண்ட பேசின் ரெஞ்ச் இதற்கென்றே இருக்கிறது. கீழிருந்து நேராக நுழைத்துத் திருப்பலாம். பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று போதும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கடைசியாக, நீர்மட்டம், டேங்கில் மிஞ்சும் தண்ணீரைக் கோப்பைக்குள் விடும் வழிகுழாயின் வாய்க்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவையைத் திருகி வைத்தேன்.